மழை மேலிருந்து வந்தது

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது. நம்பிக்கைக்கான மெழுகுவத்தியை ஏற்றும் நாள். அன்றைக்கு எங்கள் ஊரான எண்ணூரில் வானம் கறுத்துக் கிடந்தது. மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. இரவும் மறுநாளும் விடாத மழை. அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் பரவி, முகத்துவாரம் வரை வந்தது. வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. கரையில் கட்டியிருந்த படகுகள், வலைகள், அலையாத்திச் செடிகள் எல்லாவற்றிலும் பிசின் மாதிரி எண்ணெய். இறக்கை ஒட்டிப்போன கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் நின்றன. அதை அள்ளியதும் எங்கள் மீனவர்கள்தான். வாளியும் குவளையும் வைத்துக்கொண்டு, தங்கள் படகிலேயே போய் அள்ளினார்கள்.

அந்த வாரம் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் பேச்சு வேறு எங்கே போகும்? ஒருவர், "ஆண்டவர் நம்ம விசுவாசத்தைச் சோதிக்கிறார்" என்றார். இன்னொருவர், நம் பாவத்துக்கு வந்த தண்டனை என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தர், வாழ்நாள் முழுக்க அந்த ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்தவர், தலையை நிமிர்த்தினார்.

"சோதிக்கிறவரு எதுக்குப்பா மணலில போயி எண்ணெய் எடுத்தாரணும்? ஆத்தக் குடுத்தது அவரு. எண்ணெயக் கொட்டனது ஆளு. அவரு மேல பழி போடாதீங்க."

நான் கேட்ட பிரசங்கங்களில் இதைவிடச் சரியான இறையியலைக் கேட்டதில்லை. யாக்கோபு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தை அந்த ஆயா அப்படியே சொல்லிவிட்டார்.

அந்த அதிகாரத்தின் பதினேழாம் வசனம் நம் எல்லாருக்கும் பழக்கமானது. நாள்காட்டியில் இருக்கும், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வரும், கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்திருக்கிறேன். நல்லது எதுவானாலும் அது மேலே இருந்து, ஒளிகளுக்கெல்லாம் தகப்பனானவரிடமிருந்து இறங்கி வருகிறது, அவரிடத்தில் மாற்றம் என்பதே கிடையாது என்பதுதான் அதன் சாரம். வேலை கிடைத்தால், குழந்தை பிறந்தால், கடன் அடைந்தால் நினைவுக்கு வரும் வசனம். ஆனால் அதை மட்டும் கத்தரித்துச் சுவரில் மாட்டும்போது ஒன்று விடுபட்டுப்போகிறது. யாக்கோபு பதின்மூன்றாம் வசனத்திலேயே பேசத் தொடங்கிவிடுகிறார். தீமைக்குள் இழுபடுகிற யாரும் கடவுள்தான் இழுத்தார் என்று சொல்லக் கூடாது, மனிதனின் ஆசைதான் கருத்தரித்துப் பாவத்தைப் பெறுகிறது, அந்தப் பாவம் வளர்ந்து சாவைப் பெறுகிறது என்கிறார். பதினாறில், இந்த விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறார். அதன் பிறகுதான் பதினேழு வருகிறது. நல்லது எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்வதே, கெட்டது அங்கிருந்து வரவில்லை என்று நிலைநாட்டத்தான்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை எண்ணூருக்கு எப்போதும் வரமாகத்தான் இருந்தது. கொசஸ்தலையில் நன்னீர் இறங்கினால் முகத்துவாரத்து மணல் திட்டை ஆறே தள்ளித் திறந்துவிடும். கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கிற அந்த உவர்நீரில்தான் இறால் குஞ்சு வளரும், நண்டு பெருகும், மடவையும் கொடுவாவும் ஏறி வரும். ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இன்னும் உயரமாக ஏறும். எந்த நேரத்தில் எங்கே வலை போடலாம், எங்கே பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவலாம் என்பதெல்லாம் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று இந்தக் குப்பங்கள் எல்லாவற்றுக்கும் சோறு போட்ட ஆறு அது. யாரும் அதைக் கட்டவில்லை. யாரும் அதற்கு டெண்டர் விடவில்லை. விதை போடாமல், தண்ணீர் பாய்ச்சாமல், காலையில் வெறுங்கையோடு இறங்கிய ஒரு பெண் மதியத்துக்குள் பிள்ளைகளின் சாப்பாட்டோடு கரையேற முடிந்தது. யாக்கோபின் அந்த வசனத்தில் வரும் ஈவு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான பொருள் இல்லை.

பிறகு அந்த ஆற்றைச் சுற்றி ஆலைகள் வந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 2017இல் அது மூடப்பட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது, பிறகு வல்லூரிலும் ஒன்று வந்தது. 2001இல் துறைமுகம் திறந்தார்கள், இப்போது அதற்குக் காமராஜர் பெயர். மின் நிலையங்களின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் உடைந்த இடமெல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கிப் படிந்தது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று நிற்கலாம். நீராவியைக் குளிர்வித்த சுடுதண்ணீரும் அதே ஆற்றுக் கழியில்தான் விழுகிறது. சில ஆண்டுகளாகக் 'காக்கா ஆழி' என்று நம் ஆட்கள் சொல்லும் ஒரு வெளிநாட்டு மட்டி ஆற்றுத் தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் பதுங்கும் சேற்றை மூடிக்கொண்டிருக்கிறது. கப்பல் வழியாக வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. அப்போதும் கரைக்கு எண்ணெய் வந்தது, அப்போதும் எர்ணாவூர்க் கரையில் வாளியில்தான் அள்ளினார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் எங்கள் ஊரில் எழுந்து நின்று, கடவுள் நன்மைகளைத் தருகிறவர், மாறாதவர் என்று சொல்ல முடியுமா? முடியும் என்று நம்புகிறேன். முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் எதற்கு நன்றி, யார் மேல் கேள்வி என்பதை அந்த ஆயாவைப் போலப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மழை மேலிருந்து வந்தது. எண்ணெய் மேலிருந்து வரவில்லை.

எங்கள் கூடுகைகளில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்த நேரம் அது. படிப்பில்லாத அம்மாவும் எழுந்து நின்று ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லலாம். ஆனால் பல காலமாக அதில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தவர் எழுந்து சொல்கிறார், எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்கிறோம். பத்திரிகை அடித்த மாதிரி நன்மைகள் வரிசையாக வருகின்றன: வீடு, வண்டி, மாற்றல், வரன். மூன்று மாதமாக வலையில் ஒன்றும் விழாதவர் உட்கார்ந்தே இருக்கிறார். தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறார். அதைவிட மோசம், ஆண்டவர் தன்னை விட்டுவிட்டாரோ என்று நினைக்கிறார். கொடுத்தவரை மறந்து கொடுத்த பொருளையே அளவுகோலாக்கிவிட்டால், பொருள் போன வீட்டில் கொடுத்தவரும் போய்விட்ட மாதிரிதான் தெரியும்.

சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்தீன், யோவானின் முதல் கடிதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை ஒருவன் தனக்கு நிச்சயமான பெண்ணுக்கு மோதிரம் செய்து கொடுக்கிறான். அவள், மோதிரம் போதும், அவன் முகத்தை இனிப் பார்க்க வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்? மோதிரத்தை நேசிப்பது தப்பில்லை என்கிறார் அகஸ்தீன். மோதிரம் கொடுத்ததே அதில் தன்னை நேசிக்கத்தான். எங்கள் சாட்சி நேரத்துக்கு இதைச் சேர்த்துப் படித்தால் ஒன்று புரிகிறது. மோதிரத்தைத் திருடன் பறித்துக்கொண்டு போனாலும் கொடுத்தவன் மனது மாறிவிடுவதில்லை. எண்ணூரில் ஆறு பறிபோனதால், ஆற்றைத் தந்தவரின் மனது மாறிவிட்டது என்று ஆகாது. பறித்தவனைத் தேட வேண்டாம் என்றும் ஆகாது.

இனி மாறாதவர் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நாம் அவசரமாக ஆறுதல் தேடிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாக்கோபு வானத்தைப் பார்த்து எழுதுகிறார். சூரியன் நகர்கிறது, நிழல் நீள்கிறது, சுருங்குகிறது. நிலா தேய்கிறது, வளர்கிறது, ஒரு நாள் இல்லாமலே போகிறது. மீன்பிடிக்கிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, நிலா மாறினால் தண்ணீர் மாறும், தண்ணீர் மாறினால் மீன்பாடு மாறும். இத்தனை மாறும் ஒளிகளையும் உண்டாக்கிய தகப்பனிடம் அந்தத் தேய்வு வளர்ச்சி இல்லை என்கிறார். நேற்று இரக்கமாக இருந்து இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அல்ல. இது ஆறுதல்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் தாம் மாறாதவர் என்று கடவுளே நேராகச் சொல்லும் இடம் மல்கியா மூன்றாம் அதிகாரம் ஆறாம் வசனம். அதற்கு ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கூலிக்காரனின் கூலியில் அநியாயம் செய்கிறவர்கள், விதவையையும் தகப்பனில்லாப் பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், அந்நியனின் நியாயத்தைப் புரட்டுகிறவர்கள், இவர்களுக்கு எதிராகத் தாமே சாட்சியாக வருவதாகக் கடவுள் சொல்கிறார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் தாம் மாறுவதில்லை என்கிறார். ஏழைக்கு அது நம்பிக்கை. கூலியைப் பிடித்துவைத்தவனுக்கு அதே வாக்கியம் நடுக்கம். யாக்கோபும் அதே தடத்தில்தான் நடக்கிறார். முதல் அதிகாரத்தை முடிக்கும்போதே, மாசில்லாத பக்தி என்பது தகப்பனில்லாப் பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் கஷ்டத்தில் போய்ப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறார். ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார். வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனத்தை நான் பார்த்ததில்லை. எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளி இல்லாத தெரு இல்லை, எங்களுக்காவது அச்சடிக்கலாம்.

ஆக, கடவுள் மாறாதவர் என்று நான் அறிக்கையிடும்போது, எனக்கு நல்லது தொடர்ந்து வரும் என்று மட்டும் சொல்லவில்லை. ஆறு யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்கள் பக்கம் அவர் இன்னமும் நிற்கிறார் என்றும் சொல்கிறேன். ஆட்சி மாறலாம், மின் நிலையத்தின் பெயர்ப்பலகை மாறலாம், அவர் கணக்கு மாறாது.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாயே, சுனாமிக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26ம் ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு விழாக்காலத்தில் வந்திருந்த யாத்ரிகர்கள் பலர் கரையிலேயே மாண்டார்கள். எங்கள் கரையிலும் வீடுகள் போயின, உயிர்கள் போயின. அதில் எந்த ஆலையையும் கை காட்ட முடியாது. கடலடியில் நிலம் பிளந்தது. அன்றைக்குச் சிலர் மேடையேறி இது பாவத்தின் சம்பளம் என்றார்கள். அதை மட்டும் நான் உறுதியாக மறுப்பேன், ஏனென்றால் இயேசுவே மறுத்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொன்னார். ஏன் விழுந்தது என்பதற்கு அவர் அங்கே விளக்கம் தரவில்லை. அவர் தராத விளக்கத்தைப் பிணத்தின் முன்னால் நின்று தர நமக்கு உரிமை இல்லை.

விளக்கத்துக்குப் பதிலாக வேதம் நமக்கு ஒப்பாரியைக் கொடுத்திருக்கிறது. புலம்பல் என்று ஒரு புத்தகமே இருக்கிறது, ஐந்து பாட்டு. கி.மு. 586இல் எருசலேம் எரிந்து விழுந்த பிறகு, பசியில் பிள்ளைகள் தெருவில் சாய்ந்ததை ஒளிக்காமல் பாடியவை. கடவுளைப் பார்த்து ஏன் என்று கேட்கின்றன, அவர் பாடுகிறவனை இருட்டுக்குள் தள்ளினார் என்றுகூடச் சொல்கின்றன. அந்த ஐந்தில் நடுப்பாட்டின் நடுவில், சுற்றிலும் சாம்பல் கிடக்கையில், அவருடைய இரக்கம் காலைதோறும் புதிதாய் வருகிறது என்று ஒரு குரல் எழுகிறது. எழுந்த பிறகும் அழுகை நிற்பதில்லை, இன்னும் இரண்டு பாட்டு அழுகிறது. இது எனக்குப் பெரிய விடுதலை. நன்றி சொல்கிறவன் அழக் கூடாது என்றோ, அழுகிறவனுக்கு நன்றி இல்லை என்றோ வேதம் எங்கும் சொல்லவில்லை. 1923இல் தாமஸ் சிஷோம் என்ற அமெரிக்கர், இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக வேலை பார்த்தவர், உடல்நலம் குன்றியவர், இந்தப் புலம்பல் வரிகளையும் யாக்கோபின் நிழல் படியாத தகப்பனையும் சேர்த்து எழுதிய பாட்டை இன்றைக்கு உலகம் முழுக்க ஆலயங்களில் பாடுகிறார்கள். அதைப் பாடுகிறவர்கள் அது முளைத்த மண்ணையும் நினைத்துக்கொண்டால் நல்லது.

2023இல் எண்ணெய் வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நள்ளிரவை ஒட்டிய நேரம். ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கத்து ஜனங்கள் கண் எரிய, மூச்சு அடைக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ராத்திரி ஆட்டோக்காரர்கள் காசு கேட்காமல் ஓட்டினார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஈரத்துணியை நீட்டினார்கள். எந்த மதம், எந்தக் குப்பம் என்று யாரும் கேட்கவில்லை. இதுவும் மேலிருந்து இறங்கியதுதான் என்று நான் சாட்சி சொல்வேன். தருகிறவர் நம் கைகள் வழியாகவும் தருகிறார். யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில், உடுத்தத் துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாதவரைப் பார்த்துச் சமாதானமாய்ப் போங்கள் என்று வாழ்த்திவிட்டுக் கையை மடக்கிக்கொண்டால் என்ன பயன் என்று கேட்பது அதனால்தான்.

இப்போதெல்லாம் எங்கள் ஜெபக்கூட்டத்தில் அந்த ஆயாதான் கடைசி ஜெபம் செய்கிறார். அது ஒரே மூச்சில் வரும். இன்றைக்குச் சோறு கொடுத்ததுக்கு ஸ்தோத்திரம், மூட்டுவலியிலும் எழுந்து நடக்க வைத்ததுக்கு ஸ்தோத்திரம், எங்க ஆத்த எங்களுக்குத் திருப்பிக் குடுங்க, சாம்பலக் கொட்றவன் கையத் தடுங்க, ஆமென். நன்றிக்கும் மனுவுக்கும் நடுவில் அவருக்கு இடைவெளியே இல்லை. தாவீதின் சங்கீதங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன.

சென்ற வருஷம் நான் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தபோது இந்த அதிகாரத்தைப் பாடமாக வைத்தேன். முடிந்ததும் ஒரு பையன் எல்லாரும் போகும்வரை நின்றான்.

"அண்ணா, எங்கப்பா அந்த மாதிரி ஒரு கம்பெனிலதான் வேலை பாக்கறாரு. அந்தச் சம்பளத்துலதான் நாங்க சாப்பிடறோம். அது ஆண்டவர் குடுத்ததா, இல்லையா?"

இந்தக் கேள்வியை எண்ணூரில் யாரும் தாண்டிப் போக முடியாது. எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தப் புகைபோக்கிகளை நம்பித்தான் அடுப்பெரிகிறது. நான் அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். உன் அப்பாவின் கைத்திறமை ஆண்டவர் கொடுத்தது. நைட் ஷிஃப்ட்டில் கண் விழித்து நிற்கிற பலம் அவர் கொடுத்தது. உன் தட்டில் இருக்கிற சோறு அவர் கொடுத்தது, கூச்சப்படாமல் நன்றி சொல்லிச் சாப்பிடு. பழுதான குழாயை மாற்றாமல் மிச்சம் பிடிக்கிற பணம் அவர் கொடுத்தது இல்லை. அது பக்கத்துக் குப்பத்தானுடைய மூச்சிலிருந்து எடுத்தது. சூரியனையும் மழையையும் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே மாதிரி தருகிறவர் அவர் என்று இயேசு சொன்னார். அப்படியென்றால் ஆலை முதலாளியும் வாங்குகிறவன்தான். வாங்கிய எல்லாரும் கணக்குச் சொல்ல வேண்டும்.

பையன் எதுவும் பேசாமல் போனான். வீட்டில் சொல்லியிருப்பான் போல. இரண்டு வாரம் கழித்துக் குடியிருப்போர் கூட்டத்துக்கு அவன் அப்பா வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்ததும், "அபாயச் சங்கு ஊதினா எந்தப் பக்கம் ஓடணும்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எழுந்து வந்து, கரும்பலகையில் குப்பத்தின் தெருக்களை வரைந்து, காற்று எந்தத் திசையில் அடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.